கழிவுக் கொக்கோ

சங்கரன்கோவில்
18-6-1979

அத்தானுக்கு அங்கம்மாள் எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுத மனம் வரவில்லை. நலமாக இருந்திருந்தால் நான் செல்லப்பா அண்ணன் வீட்டில் உட்கார்ந்து உங்களுக்கு இன்லண்டு எழுத வேண்டியிருக்காது. விஷயத்துக்கு வருகிறேன்.

வருகிற ஆடி அமாவாசை கழிந்த மூன்றாம் நாள், நம் அழகர் போய் ஒரு வருஷம் ஆகிறது. ஏழு வயதுப் பிள்ளைக்குத் திவசம் கிடையாது, கல்யாணம் ஆகாமல் போனவனுக்கு இலை போடும் வழக்கம் நம்மில் இல்லை என்று உங்கள் பெரியவர்கள் சொன்னார்கள். நீங்களும் அதையே பிடித்துக்கொண்டு, அவன் போட்டோவைக்கூடச் சுவரில் மாட்ட விடவில்லை. அதனால்தான் போட்டோவை எடுத்துக்கொண்டு கிளம்பி வந்தேன். மறுபடியும் அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. நீங்கள் செய்ய வேண்டாம், நான் இங்கே செய்கிறேன். அண்ணன் சரி என்றுவிட்டான்.

அவனுக்குப் பிடித்ததை எல்லாம் இலையில் வைக்கப் போகிறேன். மரவள்ளிக்கிழங்கு கிடைக்கும், நேந்திரங்காய் வறுவலுக்குச் செங்கோட்டையில் சொல்லி வைத்திருக்கிறது. கொக்கோ மட்டும் இல்லை. மளிகைக் கடைக்காரர், அது என்ன சாமான் என்று என்னிடமே கேட்கிறார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கொட்டையை வறுத்து, அம்மியில் அரைத்து, கருப்பட்டி போட்டுக் கொதிக்க வைத்துக் கொடுப்பேனே, அதை வைக்காமல் இலை போட்டால் அவன் என்ன நினைப்பான்? ஒரு டம்ளருக்கு ஆகிற கொட்டை போதும். ஒரு கைப்பிடி.

இதையும் சண்டையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அங்கம்மாள்

*

மட்டாஞ்சேரி
29-6-1979

அங்கம்மாளுக்குப் பிச்சை எழுதுவது.

கடிதம் வந்தது. நான் சுற்றி வளைத்து எழுதுகிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

இந்த வருஷம் மலையிலிருந்து கொக்கோ இறங்குகிற வேகத்தைப் பார்த்தால் மிளகையும் சுக்கையும் பஜாரில் எல்லாரும் மறந்துவிடுவார்கள் போலிருக்கிறது. சாக்லேட் கம்பெனி ஏஜென்டு ஒவ்வொரு மூட்டையிலும் கை விட்டு, கொட்டையைக் கத்தியால் பிளந்து பார்த்துத்தான் எடுக்கிறான். தைத்து முத்திரை போட்ட மூட்டையை அவிழ்த்து ஒரு கைப்பிடி எடுத்தாலும், பிச்சை சரக்கில் கை வைக்கிறவன் என்று பெயர் வந்துவிடும். பெயர் ஒன்றுதான் நான் இங்கே சம்பாதித்தது. வரும்போது இடுப்பில் ஒரு வேட்டி, அதுவும் இரவல். ஆகவே எர்ணாகுளம் பிராட்வேக்கு நானே போட்டில் போய், உள்ளதிலேயே உசத்தியான கொக்கோ டப்பா ஒன்று வாங்கிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். வறுக்க வேண்டாம், அரைக்க வேண்டாம். வெந்நீரில் போட்டால் கரையும்.

இலை போடுவது உன் இஷ்டம். நான் தடுக்கவில்லை, சேரவும் இல்லை. ஏன் என்று ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். எனக்கு முன்னால் என் அம்மை இரண்டு பையன்களைப் பெற்றாள். இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதாக வந்த என்னைத் தவிட்டுக்கு விற்று, திரும்ப வாங்கி, பிச்சை என்று பெயர் வைத்தாள். போன இரண்டு பேருக்கும் என்ன பெயர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை. அவர்களுக்காக ஒரு இலை விழுந்து நான் பார்த்ததில்லை. போனதைப் பேசினால் இருக்கிறதற்கும் ஆகாது என்று அந்த வீட்டில் ஒரு பயம். அதில் வளர்ந்தவன் நான். என்னால் மாற முடியவில்லை.

வீடு பூட்டித்தான் கிடக்கிறது, நான் சரக்குக் கிட்டங்கியிலேயே படுத்துக்கொள்கிறேன். நம் கிட்டங்கியில் சுக்கு பொறுக்குகிற அம்மிணி, அதுதான் பக்கத்து வீட்டுக்காரி, வாரம் ஒரு முறை திறந்து பெருக்குகிறாள். "சேச்சி என்னா வருந்நது?" நீ என்றைக்கு வருவாய் என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள். நான் மழையைப் பற்றிப் பேசிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். அவளுக்கு என்ன பதில் சொல்லட்டும்?

பிச்சை

*

சங்கரன்கோவில்
2-8-1979

அத்தானுக்கு,

டப்பா வந்தது. மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். பிஸ்கட் கடை வாசம். கரைத்துப் பார்த்தேன், ஆஸ்பத்திரியில் கொடுப்பார்களே, அது போல இருந்தது. அவன் கடைசியாக வாயில் வைத்துத் துப்பியது ஆஸ்பத்திரிச் சாமான்தான். அதை நான் இலையில் வைக்கமாட்டேன். திருப்பி அனுப்பியிருக்கிறேன். மதினி எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். தரவில்லை.

இலை போட்டேன். கிழங்கு, வறுவல், நெத்திலிக் கருவாடு எல்லாம் வைத்தேன். அவனுடைய எனாமல் டம்ளரைக் கழுவிக் காலியாகவே வைத்தேன். விழுந்து கும்பிட்டு எழுந்து பார்க்கும்போது கண்ணுக்குத் தெரிந்தது அந்தக் காலி டம்ளர்தான். கிட்டங்கி முட்டக் கொக்கோ அடுக்கி வைத்திருக்கிற அப்பனுடைய பிள்ளைக்குக் காலி டம்ளர்.

நீங்கள் உங்கள் அம்மையைப் பற்றி எழுதினீர்கள். அவள் எனக்குச் சொந்த அத்தை. உங்களைக் கட்டுவதற்கு முன்பே அந்த அடுப்படியில் வளர்ந்தவள் நான். தினமும் உங்களுக்குச் சோறு போடும் முன்னால் காக்காய்க்கு வைப்பாளே, நினைவிருக்கிறதா? எல்லார் வீட்டிலும் ஒரு உருண்டை வைப்பார்கள். அத்தை இரண்டு வைப்பாள். ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக. வைத்துவிட்டு முணுமுணு என்று எதையோ சொல்லுவாள். சின்னப் பெண்ணாக இருந்தபோது, ஏன் அத்தை இரண்டு என்று கேட்டேன். பேசாமல் போ என்றாள். பெயர் வாயிலிருந்து வந்ததே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் காதில் விழவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் கவனித்தேன். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அவன் பெயர் அதில் இல்லை. அவனைப் 'பையன்' என்றுகூட நீங்கள் எழுதவில்லை.

அங்கம்மாள்

*

மட்டாஞ்சேரி
5-7-1980

அங்கம்மாளுக்கு,

ஒரு வருஷமாக நான் எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. இரண்டு உருண்டை விஷயம் எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள அம்மையும் இல்லை. சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது. ஹோட்டல்காரன், சாப்பாடு பிடிக்கவில்லையா சாரே என்று கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

ஆடி வருகிறது. இந்தத் தடவை நீ கேட்கும் முன்னால் நானே அனுப்புகிறேன்.

போன மாதம் அடிமாலிக்குப் போனேன். ஒரு தோட்டத்தில் நானே நின்று நல்ல பழமாகப் பார்த்து உடைக்கச் சொல்லி, கொட்டையை வாழை இலை போட்டு மூடிப் புளிக்க வைத்து, நாள் தவறாமல் கிளறி, தணலில் காய வைத்து வாங்கி வந்தேன். ஏஜென்டு பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவான். ஒவ்வொரு கொட்டையும் ஒரே அளவு, பிளந்தால் உள்ளே காப்பி நிறம். வேறு எந்தச் சரக்கோடும் சேராமல் இருக்க, புதுத் தகர டின்னில் போட்டு ஈயம் வைத்து அடைத்து அனுப்பியிருக்கிறேன். என் வியாபாரத்தில் இதுமாதிரிச் சரக்கை நான் யாருக்கும் கொடுத்ததில்லை, கம்பெனிக்கும் கொடுத்ததில்லை.

அனுப்பும் முன்னால், எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று நானே வீட்டைத் திறந்து கொஞ்சம் வறுத்தேன். வாணலியில் கரிந்தது. மிச்சத்தை அம்மியில் போட்டு அரைத்தால் பிசின் மாதிரி கல்லோடு ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. அம்மிணி வந்து எட்டிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கல்லில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்காமல் கொக்கோ அரைக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறாளாம். உன்னிடம் கற்றுக்கொண்டதாகச் சொன்னாள். கரண்டியால் சுரண்டித்தான் கல்லைச் சுத்தம் செய்தேன். இவ்வளவு வேலை இதில் இருக்கிறது என்று தெரியாமலே பல வருஷம் குடித்திருக்கிறேன்.

காலி டம்ளர் என்று எழுதியிருந்தாய். இந்தத் தடவை அப்படி இருக்காது.

பிச்சை

*

சங்கரன்கோவில்
18-8-1980

அத்தானுக்கு,

டின் பத்திரமாக வந்தது. அண்ணன் ஆணி வைத்துத் தட்டி மூடியைத் திறந்தான். இவ்வளவு அழகான கொட்டையை நானும் பார்த்ததில்லை. இலை போடுகிற அன்றைக்குக் காலையில் குளித்துவிட்டு வறுத்தேன், புடைத்தேன், அரைத்தேன், கொதிக்க வைத்தேன். வீட்டில் எல்லாருக்கும் கொடுத்தேன். மதினிகூட இன்னும் கொஞ்சம் என்று டம்ளரை நீட்டினாள்.

ஆனால் இது அவன் குடித்தது இல்லை.

கோபப்படாமல் படியுங்கள். உங்கள் மனசு எனக்குப் புரியாமல் இல்லை. வியாபாரி வீட்டில் நல்ல சரக்கு வெளியே போகும், கழிவு வீட்டுக்கு வரும். மிளகானாலும் சுக்கானாலும் கொக்கோவானாலும் அப்படித்தான். அதில் எனக்கு ஒரு நாளும் குறை இருந்ததில்லை. ஏஜென்டு தள்ளிய கொட்டை, பொக்கு, உடைசல் எல்லாம் ஒரு கிழிந்த சாக்கில் கிட்டங்கிக் கதவுக்குப் பின்னால், சுக்கு மூட்டைக்கும் மிளகு மூட்டைக்கும் நடுவில் மாதக்கணக்கில் கிடக்கும். அதிலிருந்துதான் துண்டில் முடிந்து கொண்டு வருவீர்கள். பூஞ்சை பிடித்ததைத் தள்ளிவிட்டு வறுப்பேன். எவ்வளவு கருப்பட்டி போட்டாலும் அடியில் ஒரு சுக்குக் காரம் நிற்கும். குடிக்கும்போது மிளகுச் சாக்கு வாசம் வரும்.

அந்த வாசம்தான் அவனுக்குக் கொக்கோ. நீங்கள் மலைக்குச் சரக்கெடுக்கப் போயிருக்கிற நாளில் டம்ளரை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஆறிப்போகிறது குடிடா என்றால், "இரும்மா, அப்பா சட்டை வாசம் அடிக்குது" என்பான். உங்களிடம் சொல்லியிருக்கிறேனோ இல்லையோ, நினைவில்லை.

நீங்கள் அனுப்பிய டின்னில் சுக்கும் இல்லை, மிளகும் இல்லை, சாக்கும் இல்லை. வேறு யார் வீட்டுப் பிள்ளையோ குடிக்கிற சாமான். இலையில் வைத்துவிட்டுத் திரும்ப எடுத்துவிட்டேன்.

அத்தான், அவன் குரல் எனக்கு மறந்துகொண்டு வருகிறது. போட்டோவில் முகம் இருக்கிறது, குரலுக்கு நான் எங்கே போவேன்? அந்த வாசம் வந்தால் "இரும்மா" என்றது காதில் விழும் என்று ஒரு நினைப்பு. பைத்தியக்காரத்தனம் என்று நீங்கள் சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு அந்தக் கழிவுதான் வேண்டும்.

இந்தக் கடிதத்திலும் நீங்கள் அவன் பெயரை எழுதவில்லை.

அங்கம்மாள்

*

மட்டாஞ்சேரி
1-9-1980

அங்கம்மாளுக்கு,

நல்ல சரக்கைத் தள்ளிவிட்டுக் கழிவு வேண்டும் என்று கேட்கிற கிராக்கியை என் ஆயுசில் இப்போதுதான் பார்க்கிறேன். உசந்ததை அனுப்பினாலும் குற்றம். எழுதினாலும் குற்றம், எழுதாவிட்டாலும் குற்றம். இனிமேல் என்னிடம் எதுவும் கேட்காதே.

பிச்சை

*

மட்டாஞ்சேரி
14-7-1981

அங்கம்மாளுக்குப் பிச்சை எழுதுவது.

போன கார்டு கோபத்தில் எழுதியது. தபாலில் போட்டுவிட்டு, பெட்டிக்குள் கையை விட்டு எடுக்க முடியுமா என்று பார்த்தேன். பஜாரில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்று வந்துவிட்டேன். இந்தக் கடிதம் நீளமாக வரும். பொறுமையாகப் படி.

கொக்கோ விழுந்துவிட்டது. கம்பெனி வாங்குவதைக் குறைத்துக்கொண்டது. ஏஜென்டு இந்தப் பக்கமே வருவதில்லை. அடிமாலியில் நான் நின்று பழம் உடைத்த தோட்டத்தில் மரத்தை வெட்டிவிட்டார்கள், ரப்பர் வைக்கப் போகிறார்களாம். என் கிட்டங்கியில் நல்ல சரக்கு தேங்கி நிற்கிறது. பிழைப்புக்குக் கவலைப்படாதே, மிளகு இருக்கிறது. சொல்ல வந்தது வேறு.

நீ கேட்ட கழிவைத் தேடினேன். கதவுக்குப் பின்னால் அந்தச் சாக்கு இல்லை. கழிவு கிடைக்க வேண்டுமென்றால் சரக்கைப் பொறுக்க வேண்டும். வாங்க ஆள் இல்லாத சரக்கை எவன் பொறுக்குவான்? பஜார் முழுக்க விசாரித்தேன். மூட்டை மூட்டையாக நல்ல கொக்கோவைத் தருகிறேன் என்கிறார்கள், கழிவு ஒருத்தரிடமும் இல்லை.

ஆகவே கழிவை நானே செய்தேன். சித்திரையில் ஒரு மூட்டையை அவிழ்த்துக் கொட்டி, பொக்கையும் உடைசலையும் கையால் பொறுக்கி, பழைய சாக்காகப் பார்த்து அதில் போட்டேன். கதவுக்குப் பின்னால் சுக்கு மூட்டையை நகர்த்தி, நடுவில் சொருகினேன். கொக்கோவில் நெய் இருக்கிறது. பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசத்தை வாங்கிக்கொள்ளும். கம்பெனி சரக்கைச் சுக்கு இருக்கிற பக்கமே விடாமல் காத்துப் பழகிய கை இது. சொருகும்போது கூசியது. அம்மிணி முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"பிராந்தா முதலாளி? கொக்கோ கொண்டு சுக்கின்றெ இடையில் வெக்குந்நோ?"

பைத்தியமா என்று கேட்கிறாள். ஆமாம் என்று சொன்னேன். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. மறுநாள் பார்த்தால், சாக்கு மேல் அவளே இரண்டு கை சுக்குத் தூளைத் தூவி வைத்திருந்தாள்.

சரக்கு எடுக்க வருகிறவர்கள் எல்லாரும், பிச்சை ஏன் கதவுக்குப் பின்னால் போய் மோந்து பார்த்துவிட்டு வருகிறான் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் கொக்கோவாகவே இருந்தது. மழை பிடித்து, கிட்டங்கிக்குள் ஈரம் ஏறியதும் வாங்கிக்கொண்டது.

நேற்று வீட்டைத் திறந்து, அம்மியில் வெந்நீர் ஊற்றித் துடைத்துவிட்டு அரைத்தேன். கரியவில்லை, ஒட்டவில்லை. கருப்பட்டி போட்டுக் கொதி வந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. நான் ஒன்றும் நினைக்கவில்லை அங்கம்மாள், சத்தியமாக. டம்ளரில் ஊற்றினேன். "அழகரு, சூடா இருக்கு. ஊதிக் குடி" என்று சொல்லிவிட்டேன். சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன். சாவி வாங்க வந்த அம்மிணி வாசலோடு திரும்பிப் போய்விட்டாள்.

அழகர். எழுதிவிட்டேன். அவன் போனதிலிருந்து அந்தப் பெயரை நான் எழுதவில்லை, சொல்லவும் இல்லை. சொன்னால் என்ன ஆகும் என்று பயந்தேனோ, அது ஒன்றும் ஆகவில்லை. சும்மா உட்கார்ந்துவிட்டேன், அவ்வளவுதான். எழுந்திருக்க நேரமாயிற்று.

அவன் உட்காருகிற இடத்தில், அரிசி டின் பக்கத்தில், டம்ளரை வைத்தேன். மேலே ஆடை கட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. குடிக்க முடியவில்லை. சாக்கடையில் ஊற்ற மனம் வரவில்லை. அம்மை மாதிரி காக்காய்க்கு வைக்க அது சோறும் இல்லை. கடைசியில் நீ வைத்த கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். சரியா தப்பா, எழுது.

சாக்கில் இன்னும் இருக்கிறது. பார்சலில் போட எனக்குத் தைரியம் இல்லை. லாரியில் புகையிலைக் கட்டுக்குப் பக்கத்தில் ஏற்றிவிட்டால் புகையிலை வாசத்தை வாங்கிவிடும், அப்புறம் எல்லாம் வீண். கையில் கொண்டு வந்தால்தான் சரியாக இருக்கும். இது வியாபாரி சொல்கிற சாக்கு என்று நீ நினைத்தால், பாதி அப்படித்தான்.

ஆடி அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் நானும் இலைக்கு முன்னால் நிற்கட்டுமா? எனக்கு முறை ஒன்றும் தெரியாது. குளித்து, வெளுத்த வேட்டி சட்டை போட்டுக்கொண்டு வருகிறேன். வேறு என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

பிச்சை

*

சங்கரன்கோவில்
21-7-1981

அத்தானுக்கு,

கறிவேப்பிலைக்கு ஊற்றியது சரிதான். இங்கே நான் முருங்கைக்கு ஊற்றியிருப்பேன்.

வாருங்கள். சாக்கைக் கையில் கொண்டு வாருங்கள். வறுக்காமல் கொண்டு வாருங்கள், வறுப்பது நான். அண்ணன் ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்கிறான். மதினி உங்களிடம் ஏதாவது குத்திப் பேசினால் பேசாமல் இருந்துவிடுங்கள், மூன்று வருஷம் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

மட்டாஞ்சேரிக்குத் திரும்பி வருவேனா என்று அன்றைக்கு என்னைக் கேட்கக்கூடாது. எனக்கே தெரியாது. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் அந்த வாசலில் என்னால் நிற்க முடியுமா என்று தெரியவில்லை. அன்றைக்கு அவனைப் பற்றி மட்டும் பேசுவோம். எனக்கு மறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் பார்க்காததை நான் சொல்கிறேன்.

என்ன முறை என்று கேட்டீர்கள். ஒன்றுதான். வெளுத்த சட்டை வேண்டாம். கிட்டங்கியில் போட்டிருக்கும் சட்டையைக் கழற்றாமல் அப்படியே ரயிலேறி வாருங்கள்.

அங்கம்மாள்